எங்கள் அடுக்ககத்துக்கு அடியில் ஓர் ஏரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் போன வாரம் ஒரு வரி சேர்த்தேன்: "சில அடுக்ககங்கள் பழைய ஏரியின் மேல் கட்டப்பட்டவை." அவற்றில் ஒன்றில்தான் நான் குடியிருக்கிறேன்.

முகம் தெரியாத ஒரு தொகுப்பாளர் அதை நீக்கிவிட்டு, "அச்சில் வந்த ஆதாரம் தேவை" என்று குறிப்பு எழுதினார். மறுபடி சேர்த்தேன். மறுபடி நீக்கினார்.

இன்று காலை மழையில் வேலைக்குக் கிளம்பினால், கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் சங்கச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீரில் நின்றபடியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நெட்ல ஏரி கீரின்னு எழுதினது நீங்கதானே? அத எடுத்துடுங்க சார். பிளாட் வாங்க வர்றவன் படிச்சான்னா ஓடியே போயிடுவான்."

"ஏற்கெனவே எடுத்துட்டாங்க சார், ஆதாரம் இல்லைன்னு."

"யாரோ நல்ல மனுசன்," என்றார் நிம்மதியாக.

அப்போதுதான் வாட்ச்மேன் பக்கெட்டோடு ஓடி வந்தார்.

"செக்ரட்டரி சார், நவுராதீங்க! உங்க காலாண்ட கெளுத்தி மீனு போய்கினு கீது!"

செயலாளர் குதித்த குதியில் என் சட்டையெல்லாம் சேறு.

அலுவலகம் வந்தும் வேலை ஓடவில்லை. அந்தக் கட்டுரையைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நானும் வீட்டை விற்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வரி இருக்கலாமா, வேண்டாமா? கீழே சொல்லுங்கள்.

நேரில் பார்த்துவிட்டுச் சொல்ல நினைப்பவர்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரவும்.