ஜூன் மாதம் வந்த மூன்று கவர்கள்

அரபு நாட்டில், ருவைஸில், பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் நான் யாரிடமும் சம்பளம் வாங்கியதில்லை. கணவர் ரிஃபைனரியில் டெக்னீஷியன். ஒரே மகள் நர்சிங் படிக்க நாகர்கோவில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கம்பெனி கொடுத்த வீட்டில் பகல் முழுவதும் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு, நாலு பிள்ளைகளின் சத்தத்தையாவது கேட்கலாம் என்று போனேன்.

இன்டர்வியூவில் பிரின்சிபால் அம்மா இங்கிலீஷில் பேசினார். நான் பத்தாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் "யெஸ் மேடம், நோ பிராப்ளம்" என்று சொல்லச் சொல்லி கணவர் அனுப்பியிருந்தார். சம்பளம் ஆயிரத்து இருநூறு திர்ஹம் என்பது மட்டும் புரிந்தது. அதன்பின் ஒரு தாளைப் பார்த்து நீளமாக ஏதோ படித்தார். தலையை ஆட்டினேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்று கடைசியில் கேட்டபோதும், "யெஸ் மேடம், நோ பிராப்ளம்" என்றேன்.

செப்டம்பர் முடிவில் முதல் கவர் வந்தது. உள்ளே ஆயிரம்தான் இருந்தது. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினேன். ஆயிரம்தான்.

வேறு யாராக இருந்தாலும் நேராகப் போய்க் கேட்டிருப்பார்கள். நான் கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவள். என் இங்கிலீஷைப் பார்த்துத்தான் இருநூறைக் குறைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேலையைப் பார்த்தால் அடுத்த மாதம் கூட்டித் தருவார்கள் என்று, பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு தினமும் சீட்டுகளை எல்லாம் ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன். ருவைஸ் மணலுக்குத் துடைத்த அடையாளமே மறுநாள் இருக்காது. என்னைத் தங்கை முறை வைத்துக் கூப்பிடும் பெஷாவர்காரரான டிரைவர் பாய், "பஹன், துணி கிழியும், சீட் கிழியும், மணல் தீராது" என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பார். அடுத்த மாதமும் ஆயிரம்தான் வந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

டிசம்பரில் மகள் போனில் சொன்னாள். "எம்மா, ஜூலைல எங்களுக்கு விளக்கேத்துற ஃபங்ஷன். எல்லாருக்கும் வீட்டுல இருந்து வருவாவ. நீ வருவியா?"

நர்சிங் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் விளக்கு ஏந்தி உறுதிமொழி சொல்லும் நாள் அது. ஆனால் கம்பெனி டிக்கெட் எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான். அந்த வருடக் கோடையில்தான் போய் வந்திருந்தோம். விலை ஏறிக் கிடக்கும் ஜூலை மாதத்தில் கைக்காசு போட்டு டிக்கெட் எடுப்பது எங்களால் ஆகிற காரியமில்லை. நான் வாங்கிய ஆயிரமும் அப்படியே ஹாஸ்டல் ஃபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாப்போம் மக்களே" என்றேன். அப்படிச் சொன்னால் வரமாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

ஜூன் கடைசிப் புதன்கிழமை கோடை லீவு விட்டார்கள். வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கி வீட்டுக்கு வந்தேன். பார்த்தால் ஒன்று இல்லை, மூன்று கவர்கள், ஒரே பின் குத்தி. மூன்றின் மேலும் என் பெயர், மூன்றிலும் ஆயிரம்.

திரும்பவும் எண்ணிப் பார்த்தேன். ஸ்கூல் விசாவில் வந்தவர்களுக்குத்தான் லீவு மாதச் சம்பளம், கணவர் விசாவில் இருந்துகொண்டு வேலை பார்க்கிறவர்களுக்குக் கிடையாது என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். ஆக, என்னையும் ஸ்கூல் விசாக்காரி என்று நினைத்து கிளார்க் கவர் போட்டுவிட்டார்.

"கேட்டியளா, ஸ்கூல்ல தப்பாக் குடுத்துட்டாவ" என்று கணவரிடம் காட்டினேன்.

அவர் மூன்றையும் விசிறி மாதிரி பிடித்து வீசிக்கொண்டார். "தப்புன்னாலும் நல்ல தப்பால்லா இருக்கு. டிக்கெட் எடுத்துட்டுப் போடி."

"ஊரான் காசுல பிள்ளைக்க ஃபங்ஷனுக்குப் போவவா? செப்டம்பர்ல திருப்பிக் கேட்டா எங்க இருந்து குடுக்க?"

"அப்போ சனிக்கிழம போய்க் கேளு."

"நீங்களும் வாருங்க."

"எனக்கு டூட்டி. சம்பளம் வாங்குனது நீ, நாந்தான் வந்து பேசணுமாக்கும்?"

வியாழனும் வெள்ளியும் அங்கே வார லீவு, ஆபீஸ் கிடையாது. சனிக்கிழமை ஒரு நாள்தான் திறப்பார்கள், அதன்பின் அக்கவுண்டன்ட் சாரும் லீவில் போய்விடுவார். கூடுதலாக வந்த இரண்டு கவர்களையும் அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு நாளும் சொல்ல வேண்டியதைச் சமையலறையில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சார், ஒரு தப்பு நடந்திருக்கு." தப்பு என்று சொன்னால் கோபப்படுவாரோ? "சார், ஒரு சந்தேகம்." அது பரவாயில்லை என்று பட்டது.

அக்கவுண்டன்ட் சார் திருச்சிக்காரர். எனக்கு முன்னால் இரண்டு டீச்சர்கள் நின்றார்கள், இரண்டு பேருக்கும் சம்பளத்தில் பிடித்தம். அவர்களிடம் பேசிப் பேசிக் களைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு எவ்வளவும்மா குறையுது?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. கவர்களை மேசையில் வைத்தேன். "குறையல சார். கூடிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். கூடிருக்குன்னு வந்த மொத ஆள் நீங்கதான். உக்காருங்க."

ஒரு துண்டுத் தாளை எடுத்து எழுதிக் காட்டினார். "ஸ்கூல் நடக்கிறது பத்து மாசம். உங்க சம்பளம் மாசம் ஆயிரத்து இருநூறு. மொத்தம் எவ்வளவு?"

"பன்னிரண்டாயிரம்."

"ரெண்டு மாசம் லீவுல வெறுங்கையோட இருக்கக் கூடாதுன்னு, அதைப் பன்னிரண்டாப் பிரிச்சு மாசம் ஆயிரமாத் தர்றோம். நீங்க பத்து மாசம் வாங்கிட்டீங்க. பாக்கி ரெண்டு மாசத்தை லீவுக்கு முன்னாலயே தர்றோம். ஸ்கூல் விசாவில வந்தவங்க கணக்கு வேற, அவங்களுக்கு லீவுக்குன்னு தனியாவே சம்பளம் உண்டு. உங்களுக்கு லீவுக்குன்னு நாங்க ஒண்ணும் தரலை. இது நீங்க வேலை பார்த்து வச்ச காசுதான். சேரும்போது படிச்சுக் காட்டினாங்களே?"

படித்துக் காட்டினார்கள். நான் நோ பிராப்ளம் என்றேன்.

"அப்போ அந்த எறநூறு... என் இங்கிலீஷுக்காகக் குறைக்கலையா சார்?"

"இங்கிலீஷுக்கா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதுக்குக் குறைக்கிறதா இருந்தா எனக்கும்தான் குறைக்கணும்."

நானும் சிரித்தேன். வெளியாள் முன்னால் சத்தமாகச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எழுந்தவள் திரும்பவும் உட்கார்ந்தேன். "சார், இன்னொண்ணு."

"இன்னும் கூடிருக்கா?"

"இல்ல. லீவுல ஊருக்குப் போகலாமா?"

"லீவு அதுக்குத்தானேம்மா."

டிராவல்ஸுக்கு நானே போனேன். சீட் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டபோது, வாயைத் திறந்து, ஜன்னல் பக்கம் என்றேன்.

விளக்கேற்றும் நாளில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. வரிசையாக வந்த வெள்ளை உடுப்புகளில் என் பிள்ளை எது என்று எனக்கு உடனே தெரியவில்லை. விளக்கோடு நடந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு தப்பாக வைத்து, பின்னால் வந்த பிள்ளை அவள்மேல் முட்டியதில்தான் கண்டுபிடித்தேன்.

எல்லாம் முடிந்து ஃபோட்டோவுக்கு நின்றபோது காதோடு கேட்டாள். "எம்மா, அப்பா கடன் வாங்கினாவளா?"

"இல்ல மக்களே. நான் மாசாமாசம் எறநூறு சேத்து வச்சிருந்தேன்."

"நீயா? அப்பாவுக்குத் தெரியாமலா?"

"எனக்கே தெரியாம."

ஃபோட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாங்கள் இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறோம். அவள் கையில் விளக்கு அணைந்திருக்கிறது.