அண்ணன் இரண்டாம் முறை எழுந்து சொன்ன சாட்சி

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் ஸ்தோத்திரம். நான் ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். எழுத உட்கார்ந்து நான்கு தடவை எழுந்துபோய்விட்டேன். ஒரு தடவை, துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துவிட்டு வந்தேன்.

அண்ணன் பட்டாபிராமில் பிறந்தார். எங்கள் அப்பா ராணுவக் கிடங்கில் மூட்டை இறக்கியவர். அப்பா படுக்கையில் விழுந்ததும், ஐ.டி.ஐ. முடித்த கையோடு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணம் முடித்து சேக்காட்டில் குடிவைத்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். அளவு தவறிய பீஸை அவரே தனியாக எடுத்துவைத்து, கேட்கும் முன்பே சூப்பர்வைசரிடம் காட்டிவிடுவாராம். "உங்க அண்ணனால எங்களுக்குத்தாம்மா பேஜாரு" என்று கூட வேலை செய்தவர் ஒருவர் என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அண்ணனுக்கு ஒரே பெண், பெனிட்டா. அவள் பிளஸ் டூ முடித்தபோது, ஒரு தனியார் பல்கலைக்கழகம் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் முழு உதவித்தொகை தருகிறது என்று அவளுடைய டீச்சர் சொன்னார். நான்கு வருடப் படிப்பும் ஹாஸ்டலும் அதிலேயே அடங்கும். முதலில் பரீட்சை, பிறகு நேர்காணல். பரீட்சையில் பெனிட்டா தேறிவிட்டாள். நேர்காணலுக்கு அண்ணன் லீவு போட்டுக் கூடவே போனார். வெளியே வந்த பெண்ணின் முகம் வாடியிருந்தது.

"ஏம்பா, உள்ள வந்த எல்லாருமே அவங்கவங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டுப்பா."

"இருக்கட்டும். அவங்களுக்கெல்லாம் நான் அப்பா இல்லியே" என்றாராம் அண்ணன்.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் அண்ணனுக்கு இருப்பே கொள்ளவில்லை. சாப்பிட உட்காருவார், பாதியில் எழுந்து போனைப் பார்ப்பார். "தேஞ்சிடும்பா, வையி" என்று பெனிட்டா பிடுங்கி வைப்பாள். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்கு வந்துவிடுவார். என் வீட்டிலும் உட்காரமாட்டார். ஒரு சனிக்கிழமை அப்படி வந்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன்.

"நாளைக்கு சாட்சி நேரத்துல எழுந்து சொல்லிடுண்ணே. கெடைக்கும்னு சொல்லாத, கெடச்சாச்சுன்னு சொல்லு. அதான் விசுவாசம்."

அவர் சற்றுத் தயங்கினார். நான் விடவில்லை. மறுநாள் ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்லும் அந்தச் சாட்சி நேரத்தில் நின்று, மகளுக்கு முழு உதவித்தொகை கிடைத்துவிட்டதாக அண்ணன் சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா சொன்னது. அண்ணிக்குக் கை கொடுக்க வரிசை நின்றது. வெளியே வந்ததும் பெனிட்டா அவரை ஓரமாக இழுத்தாள்.

"ரிசல்ட்டே வர்ல. இன்னாப்பா இப்டி சொல்லிட்ட?"

"விசுவாசம்மா."

"கெடைக்காம போச்சுன்னா? அப்ப எனக்கு விசுவாசம் இல்லன்னு சொல்லுவாங்களா?"

அண்ணன் குனிந்து சைக்கிள் பூட்டைத் திறந்தார், பக்கத்தில் நின்ற நான் பைபிளைப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மெயில் வந்தது. இந்த வருடம் வழங்க இயலவில்லை என்று இரண்டே வரி. பெனிட்டா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். செய்தி கேட்டு ஓடிப்போன நான், அங்கேயும் புத்தி சொன்னேன். "விடுண்ணே, யார் கேக்கப் போறா? ஏதாவது காலேஜ்ல சேந்துட்டா எல்லாரும் மறந்துடுவாங்க."

"மறப்பாங்க பாப்பா. நான் அவங்ககிட்ட மட்டுமா சொன்னேன்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மறுபடியும் எழுந்தார். முன்பே விஷயம் தெரிந்திருந்த ஆயர், "ஐயா, தனி ஜெபத்துல சொன்னா போதுமே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "சொன்ன எடத்துலயே சொல்லிடுறேங்க ஐயா" என்றவர், சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"எம்பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் கெடச்சிடுச்சின்னு இங்கதான் நின்னு சொன்னேன். கெடைக்கல. நான் சொன்ன அன்னிக்கும் கெடச்சிருக்கல. அவசரப்பட்டது நான். அவ ஒழுங்காத்தான் எழுதுனா. அவள யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

என் பேரைச் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

பிறகு பெனிட்டாவை அரசுக் கல்லூரியில் கணிதம் சேர்த்தார். அவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் மாதம், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் பேச்சு வராமலே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று அண்ணி வழித் தூரத்து உறவில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணுக்கு முழு ஸ்காலர்ஷிப்பாவது கீதே, அது ஒரு ஆறுதலு" என்று அழுதார். அண்ணன் பெட்டியில் கிடக்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பெனிட்டா தலை நிமிர்ந்தாள். "கெடைக்கல பெரியம்மா. அப்பா சொல்லிட்டாரே." மறுபடி அவர் கால்மாட்டில் குனிந்துகொண்டாள்.

முதல் சாட்சி ஊரெல்லாம் போயிருந்தது. இரண்டாவது கோயில் வாசலைத் தாண்டவே இல்லை. இன்னும் அவளை வழியில் பார்த்து அதையே கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். பெனிட்டாவுக்கு அந்த உதவித்தொகை கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொல்லச் சொன்னது நான். அண்ணன் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டு போய்விட்டார். சபையார் என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடிய தொழிலாளித் தம்பிகளுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கல்லறை வரை தோள் கொடுத்த வாலிபர் சங்கத்தாருக்கும், பெனிட்டாவுக்குப் பழைய பாடப் புத்தகங்களைத் தந்த சீனியர் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இவையெல்லாம் நடந்தவை. நடந்ததற்கு மட்டுமே நன்றி எழுதியிருக்கிறேன்.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்த பிறகு சாட்சி நேரம் வரும். அதில் எழுந்து நின்று இதையே என் வாயாலும் சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். ஆனால் சொல்லிவிடுவேன் என்று முன்கூட்டி எழுதமாட்டேன்.