இரட்டைப் பெட்டி செட்டை வீட்டில் வைத்துப் பார்த்த நாள்

1974 ஆகஸ்டு 25, ஞாயிறு. விடிவதற்குள் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தேன். குளித்து, காபி குடித்துவிட்டு இருவரும் தறியில் உட்கார்ந்தோம். கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் நெய்வேன், என் மனைவி எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தருவாள். நான் மெதுவாகச் சொன்னாலும் உடனே பதில் சொல்வாள். அன்றும் சொன்னாள்.

ஆனால் என் கவனமெல்லாம் கூடத்தில் இருந்த புது ஸ்டீரியோ செட்டின் மேல்தான். ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்தது. தனியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். கடைக்காரர் முந்தின நாள் கொண்டுவந்து இறக்கினார்.

"சினிமா வசனம் கேக்க ஒத்தப் பொட்டி போதும், அண்ணே. பாட்டுன்னா ரெட்டைப் பொட்டிதான். உங்களுக்கு ரெண்டும் வேணும். வூட்ல வெச்சுப் பாருங்க, திங்கக்கெழமை வந்து சொல்லுங்க."

எனக்கு வீணை இசைத்தட்டுகள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வரும் சினிமா ஒலிச்சித்திரம். கடைக்காரரிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தேன். சில மாதங்களாகவே அவள் பழைய ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். "உங்க வூட்டு ரேடியோ இருக்குது, எங்களுக்கு எதுக்குப்பா தனியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்வார். கோளாறு ரேடியோவில்தான் என்று நினைக்கவே விரும்பினேன். அவள் காதில் இருக்கக் கூடாது. புது செட்டில் அவள் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் போதும், விலையைப் பற்றிக்கூட யோசிக்க மாட்டேன்.

மதியம் ஒலிச்சித்திரம் தொடங்கியது. வசனம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் எழுந்துபோய்க் குமிழைத் திருகினாள். கூடத்தில் எதிரொலிக்கிறதோ என்று சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். பெட்டிகளை நகர்த்தினேன். மறுபடியும் திருகினாள்.

ஒலிச்சித்திரம் முடிந்ததும், கடைக்காரர் கொடுத்திருந்த ஸ்டீரியோ தட்டைப் போட்டேன். இடப்பக்கப் பெட்டியில் வயலின், வலப்பக்கப் பெட்டியில் மிருதங்கம். அவளை நடுவில் உட்காரவைத்து, "மிருதங்கம் எங்கிருந்து வருது?" என்றேன்.

"எல்லாமே அங்கேருந்துதான் வருது" என்று இடப்பக்கம் காட்டினாள். "இந்தப் பொட்டிக்கு எதுக்கு தண்டமா காசு குடுக்கறீங்க?"

ஒயர்களை இடம் மாற்றினேன். மறுபடியும் இடப்பக்கம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். சத்தம் செய்யாமல் இடப்பக்கப் பெட்டியின் ஒயரை உருவினேன். இப்போது வலப்பக்கத்துப் பெட்டி மட்டுமே பாடியது.

அவள் கை இடப்பக்கமே நீண்டது.

கண்ணைத் திறந்தவள் என் கையைப் பார்த்தாள். "இன்னாங்க, ஒயரு உங்க கையில இருக்குது?"

பாடாத பெட்டியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தறியில் நாள் முழுக்க நான் இருப்பது அவளுக்கு இடப்பக்கம். நல்ல காதின் பக்கம்.

"உங்க பேச்சைக் கேக்க ஒத்தக் காது போதாதா? அதுவே அதிகம்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு அவளும் நிறுத்திக்கொண்டாள். "இன்னொண்ணும் போயிடுமா?" என்று கேட்டாள்.

"டாக்டரைக் கேப்போம்" என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கடைக்குப் போகாமல், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரும் பஸ் ஏறினோம்.