மறுகால் திறந்த மதியம்

என் கணவர் பேச்சிப்பாறை அணையில் வேலை பார்க்கிறார். அணையில் தண்ணீர் ஏறினால் இவருக்குக் காய்ச்சல் ஏறும். சோறு இறங்காது, போன் கையை விட்டு இறங்காது. எங்களுக்குத் திருவட்டாறில் வீடு. அணைக்குக் கொஞ்சம் கீழே, ஆற்றங்கரையில் எனக்கொரு வாழைத்தோட்டம். அந்த மழைக்காலத்தில் ஏத்தன் வாழைக் குலைகள் விளைந்து, வெட்டுக்குத் தயாராக நின்றன. பத்து மாதம் நானே உரம் வைத்து, காற்றுக்குச் சாயாமல் கம்பு கொடுத்து வளர்த்தவை.

அணையில் மிஞ்சிய தண்ணீரை ஆற்றில் விட, பன்னிரண்டு மணிக்கு மறுகால் ஷட்டரைத் தூக்க உத்தரவு வந்துவிட்டது என்று இவர் காலையில் போனில் சொன்னார். தம்பியைக் குலை வெட்ட அனுப்பிவிட்டு, தூக்குவாளியில் சோற்றோடு பஸ் ஏறினேன். சோறு ஒரு சாக்கு. இரண்டு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சத்தான் போனேன்.

அணையில் திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து, கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி கரையேறியாச்சா?” என்றார்.

“பாதிக் குலைகூட வெட்டல்ல. ரெண்டு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?”

“குலைக்காகப் பொறுக்க முடியாது. தோட்டத்துல ஆளு நிக்கான்னா சொல்லு, மேல சொல்லி நிறுத்தி வைக்கேன். போனப் போட்டுக் கேளு.”

தம்பி உடனே எடுத்தான். “ரோட்டுக்கு ஏறிட்டேன்க்கா. பாதி அப்படியே நிக்கி,” என்றான்.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். இன்னும் ஏறவில்லை என்று ஒரு பொய் போதும், என் குலைகள் பிழைத்துவிடும். அந்த யோசனையில்தான் நீர்த்தேக்கத்தின் பக்கம் திரும்பினேன்.

எத்தனையோ முறை பார்த்த இடம்தான். வேனலில் தண்ணீர் வற்றிப் பாறை தெரியும்போது, இதற்கா இவ்வளவு காவல் என்று இவரைக் கேலி செய்திருக்கிறேன். அன்று மலையடிவரை தண்ணீர். கரையோர மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல், சுவரின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. மலைமேல் இன்னும் மழை கறுத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் இத்தனை தண்ணீர், அந்தப் பக்கம் என் ஊரும் இன்னும் எத்தனையோ ஊர்களும், நடுவில் ஒரு கல்சுவர். இந்த மனிதருக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

“ஏறியாச்சு,” என்றேன்.

இவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு மேலே போனார். சைரன் ஊதியது. ஷட்டர் ஒரு முழம்கூட எழும்பியிருக்காது. தண்ணீர் வெள்ளையாகச் சீறி, கீழே பாறையில் அறைந்து, புகையாக எழுந்தது. நின்ற தரை அதிர்ந்தது. சாரலில் முகமெல்லாம் நனைந்தது. வயிற்றெரிச்சலோடு வந்த நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அழகாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

பக்கத்தில் ஒரு சிறுமி, “இந்தத் தண்ணி எங்கம்மா போவும்?” என்று கேட்டாள். அவள் அம்மா படம் பிடிப்பதில் இருந்தாள்.

“எங்க வாழத்தோட்டத்துக்கு, மக்கா,” என்றேன்.