எட்வேட்டின் வீடும் ஜெயகௌரி டொக்டரும்

ஜெயகௌரி டொக்டருக்கு எளிதில் குமட்டாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் புழு வைத்த காயங்களைக் கழுவிவிட்டு நேரே சாப்பிடப் போனவர். லண்டனுக்கு வந்து, பரீட்சைகளை மறுபடி எழுதி, நகரின் தெற்கே குடும்ப மருத்துவரானார். நோயாளிகள் நோயோடு வீட்டுப் பிரச்சினையையும் சேர்த்தே சொன்னார்கள். மாத்திரையால் தீராதவைதான் அதிகம் என்று கண்டு, ஐம்பது வயதில் ஒரு கட்சியின் சார்பில் உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தலில் நின்றார்.

அவரை வெல்ல வைத்தவர் எட்வேட். பலசரக்குக் கடை முதலாளி. மழையில் நனைந்தபடி வீடு வீடாகப் போய், "எங்கட டொக்டர், எங்கட பிள்ளை" என்று வாக்குக் கேட்டார். ஜெயகௌரி அவரை அண்ணை என்றே கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாலாவது குளிர்காலத்தில் துசியந்தி என்ற பெண் சிரங்கோடு வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. மருந்து பூசியும் சிரங்கு திரும்பத் திரும்ப வந்தது.

"வீட்டில மற்ற ஆக்களும் பூசினவையோ?"

"ஒரு அறையில ஏழு பேர் டொக்டர். ஆர் பூசினம், ஆர் பூசேல்லை எண்டு எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே கவுன்சிலர். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

போனார். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள், பகல் ஷிப்டுக்குப் போனவர்களின் மெத்தைகளில் படுத்திருந்தார்கள். மேல்மாடிக் கழிவறைக் குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் அடுப்பின்மேல் சொட்டியது. சோற்றுப் பானைக்கு மேலே யாரோ குடை விரித்துக் கட்டியிருந்தார்கள். ஜெயகௌரி வெளியே ஓடி மதிலோரம் வாந்தியெடுத்தார்.

"ஆற்ற வீடு இது?"

"எட்வேட் அண்ணையின்ர."

அன்று மாலையே எட்வேட்டின் வீட்டுக்குப் போனார். அவர் சாப்பிடச் சொல்லி ரோல்ஸ் தட்டை நீட்டினார். ஜெயகௌரி அதில் கை வைக்காமல், பார்த்து வந்ததைச் சொன்னார்.

"இதுகளுக்கு வேற ஆர் தங்கச்சி இடம் குடுப்பினம்? நான் செய்யிறது உதவி."

"உங்கட நாயை அங்க படுக்க விடுவியளோ அண்ணை?"

எட்வேட்டின் முகம் மாறியது. "உங்களை அந்தக் கதிரையில இருத்தினது ஆர் எண்டதை மறந்திடாதேங்கோ."

கட்சித் தலைவரோ, வரப்போகும் தேர்தல் முடியும்வரை பொறுக்கச் சொன்னார். தமிழ் வாக்குகள் போய்விடுமாம். ஜெயகௌரி பொறுக்கவில்லை; கவுன்சில் அதிகாரிகளிடம் முறைப்பாடு கொடுத்தார். அதிகாரிகள் வந்து வீட்டைப் பூட்டினார்கள்.

குடியிருந்தவர்களை நகரின் மேற்கே, தொலைவிலுள்ள ஹவுன்ஸ்லோவில் ஒரு விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலைக்கு வர முடியாமல் துசியந்திக்கு வேலை போயிற்று.

"குழாயைத் திருத்தச் சொல்லுவியள் எண்டுதானே உங்களைக் கூப்பிட்டனான்" என்று தொலைபேசியில் அழுதாள். ஜெயகௌரிக்குத் தன்மீதும் அருவருப்பு வந்தது. பல கதவுகளைத் தட்டி, தெற்கிலேயே மோர்டனில் அவளுக்கு ஒரு நல்ல அறையும், பக்கத்திலேயே வேலையும் பிடித்துக் கொடுத்த பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினார்.

மே மாதத் தேர்தலில் தோற்றார். எட்வேட் இந்தத் தடவை வேறொருவருக்காக வீடு வீடாகப் போயிருந்தார்.

அந்த ஆண்டு லண்டன் தமிழர்களின் சங்க விழாவில் எட்வேட்டுக்குச் சமூக சேவை விருது. மேடையிலிருந்த ஒருவர் சிரித்தபடி அழைத்தார்: "டொக்டர், பழசை விடுங்கோ. பொன்னாடையை நீங்களே போர்த்துங்கோ."

ஜெயகௌரி மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். "இவர் எங்கட பிள்ளையளைக் கக்கூசுத் தண்ணிக்குக் கீழ சமைச்சுச் சாப்பிட விட்டவர். எனக்கு இவரைத் தொட அருவருப்பா இருக்கு."

பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். அவர் வாசலைத் தாண்டியபோது வேறு யாரோ எட்வேட்டுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும். உள்ளே கைதட்டல் பலமாக எழுந்தது.