நாலு டிக்கெட், ஐந்து பேர்

வாரத்தில் ஆறு நாளும் அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸைச் சக்கரத்தில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்தால் குப்பைக்கூடைதான். பதினான்கு வருஷத்தில் அவள் கெடுத்த லென்ஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு மதியமானால் டயர் கடைக்கு மேலே இருக்கும் சீட்டுக் கிளப்புக்குப் போக்கர் ஆடப் போய்விடுவாள். அங்கே அவளுக்குப் பெயர் லென்ஸக்கா.

புதிதாக யார் வந்தாலும் மேனேஜர் அவளிடம்தான் தள்ளிவிடுவார். அவளும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

"சாதாரணப் போட்டின்னா எல்லாருக்கும் ஒரே அளவு சில்லு, அதுதான் இங்க காசு. தீர்ந்துச்சா, எழுந்து போக வேண்டியதுதான். ரீபைன்னா முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தீர்ந்தா மறுபடி வாங்கிக்கலாம். அந்தத் தைரியத்துல கண்ணை மூடிட்டு ஆடுவாங்க, மிரண்டுடாதீங்க. பவுன்ட்டின்னா நீங்க வெளியே அனுப்புற ஒவ்வொரு தலைக்கும் பரிசு. சாட்டிலைட் மட்டும் தனி ரகம். அதுல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. பெரிய போட்டிக்கு நாலு டிக்கெட் இருந்தா, கடைசியா மிஞ்சுற நாலு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. மலை மாதிரி சில்லு வச்சிருக்கறவருக்கும் அதே டிக்கெட், ஒத்தைச் சில்லு வச்சிருக்கறவருக்கும் அதே டிக்கெட். அஞ்சாவது ஆளுக்கு வெறுங்கை."

அந்த டிக்கெட்டுக்காக ஆறு வருஷமாக ஆடுகிறாள். ஒருமுறையும் கிடைத்ததில்லை. பெரிய போட்டியில் நேரே சேர அவள் சம்பளம் இடம் கொடுக்காது. இந்த வருஷம் எப்படியும் போய்விடுவது என்று கடையில் லீவு கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

இதற்கிடையில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள். கொழுந்தனின் மனைவி. மூன்று மாதத்துக்கு முன், "சும்மா பார்க்கத்தான் அக்கா" என்று கூடவே தொற்றிக்கொண்டு வந்தவள் மறுவாரமே ஆட உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம், எது பெரிசு எது சின்னது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டே ஒரு போட்டியில் முதலாவதாக வந்தாள். லென்ஸக்கா எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். தட்டிய கை இரண்டு நாள் எரிந்தது.

"சின்னவளுக்குக் கைராசி" என்றாள் மாமியார். ஆறு வருஷமாகப் போகிறவளுக்கு என்ன ராசி என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கிளப் சுவரில் சின்னவளின் படத்தை மாட்டினார்கள். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. லென்ஸக்கா அதற்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்காரப் பழகிக்கொண்டாள்.

சாட்டிலைட் நடந்த ஞாயிறன்று இருபத்தேழு பேர் ஆடினார்கள். நாலு மணிக்கு ஒரே மேசையில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். டிக்கெட் நாலு. சின்னவளிடம்தான் அதிகச் சில்லு. அதற்கடுத்து லென்ஸக்கா. கடைசியில் டாக்சிக்காரர், இரண்டே இரண்டு சில்லோடு. முறை வரும்போது கட்டாயமாக வைக்க வேண்டிய சில்லு அவரை இன்னும் இரண்டு ஆட்டத்தில் விழுங்கிவிடும். அதுவரை லென்ஸக்கா எதிலும் ஆடாமல் சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டால் போதும். தூங்கினால்கூட டிக்கெட் வந்துவிடும்.

"எனக்குச் சங்கு ஊதியாச்சு" என்றார் டாக்சிக்காரர். "லென்ஸக்கா, அங்க போய் என்னையும் நினைச்சுக்கங்க."

"நினைக்காம? போறதே உங்க டாக்சியிலதானே."

அடுத்த சீட்டு விழுந்தது. சின்னவள் தன் சீட்டை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கையாலும் சில்லு முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

"ஆல் இன்."

லென்ஸக்கா தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ராஜா.

கவிழ்த்துவிடு என்றது புத்தி. புதியவர்களுக்குத் தான் சொல்லும் பாடமே காதில் கேட்டது. ஆனால் கண் சின்னவளின் கைவளையலில் போய் நின்றது. ராஜா ஜோடியை இவள் என்னத்தை வைத்து வெல்லப் போகிறாள்? ஒரே ஆட்டத்தில் அந்த மலை சரிந்துவிடும். "சின்னவளுக்கு என்ன ஆச்சு?" என்று மாமியார் கேட்பாள். அந்தக் கேள்வியைக் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது. டிக்கெட் எங்கேயோ தூரத்தில் ஒரு காகிதமாகப் போனது.

"வர்றேன்" என்று தன் சில்லையும் நடுவில் தள்ளினாள்.

மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்தார்கள். சின்னவளின் வாய் திறந்தபடி நின்றது. அவள் விரித்ததில் ஒரு ஏஸ், ஒரு ஏழு. நடுவில் இருவருக்கும் பொதுவான நாலு சீட்டு ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்றும் அவளுக்கு உதவவில்லை. ஐந்தாவது சீட்டு ஏஸ். ராஜா ஜோடியை ஏஸ் ஜோடி அடித்துவிட்டது.

லென்ஸக்காவின் சில்லு முழுதும் மேசைக்கு அந்தப் பக்கம் போனது. அவள் ஐந்தாவது ஆள். டாக்சிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். குதித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார்.

"ஏன் அக்கா வந்தீங்க?" சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்கதானே சொன்னீங்க, இதுல கடைசி நேரத்துல புத்தி உள்ளவங்க யாரும் வர மாட்டாங்கன்னு. அந்தத் தைரியத்துலதான் தள்ளினேன். நீங்க கவிழ்த்துடுவீங்கன்னு நம்பித்தான்..."

"ராஜா ஜோடி. எப்படிக் கவிழ்க்கிறது?" என்றாள். காரணம் அதுவல்ல என்று மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அடுத்த ஞாயிறு இன்னொரு சாட்டிலைட் இருக்கு. அதுதான் கடைசி. ரெண்டே டிக்கெட். உங்க பேரை எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க."

"நானும் வர்றேன் அக்கா" என்று சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆட மாட்டேன், எனக்குத்தான் டிக்கெட் இருக்கே. உங்க பின்னாடி உட்கார்ந்து தைரியம் சொல்றேன்."

"நீ வராதே."

மூன்று மாதத்தில் அவளிடம் சொன்ன முதல் நிஜம் அது. சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், அக்கா கேலி பண்ணுகிறாள் என்று.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் லென்ஸக்கா. "நீ இருந்தா எனக்கு ஆட வராது."