திரௌபதி பாடு

ஜான் முதல் தடவை வந்தபோது, படகிலிருந்து கால் வைத்த இடம் கரை மாதிரிதான் இருந்தது. கரை இல்லை, முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. ஒல்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவியல் கல்விப் பேராசிரியர், வெள்ளைக் கால்சட்டையோடு பொத்தென்று அதில் உட்கார்ந்துவிட்டார். கரையில் கல்லூரி ஆட்கள் கேமராவோடு நின்றிருந்தார்கள். அவர்கள் வாயில் சிரிப்பு கிளம்புவதற்குள், பின்னால் இருந்த திரௌபதி அன்றைக்கென்று கட்டி வந்த புதுப் புடவையோடு தானும் அதே சேற்றில் இறங்கினாள். "இங்க எறங்கித்தான் ஊருக்குள்ள போவணும். எங்க வழக்கம்," என்று கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. படகை ஓட்டி வந்த வரதனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவர் திரௌபதியைப் பெற்றவர்; காட்டிக்கொடுக்கவில்லை. கேமராக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பயபக்தியோடு சேற்றில் இறங்கினார்கள்.

பொன்னேரிப் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், அறிவியலை எப்படிப் பாடம் நடத்துவது என்று சொல்லிக்கொடுப்பது திரௌபதியின் வேலை. வயது நாற்பதைத் தொடப்போகிறது. அவளுடைய ஸ்கூட்டி சீட்டைத் தூக்கினால் பலூன், காந்தம், ஸ்ட்ரா, உப்புப் பொட்டலம், ஒரு உடைந்த கண்ணாடி. ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தி "என்னம்மா இதெல்லாம்?" என்று கேட்டதற்கு, "நாளைய பாடம் சார்" என்றாள். வகுப்பில் அச்சடித்த மாதிரி பேசுவாள். கோபம் வந்துவிட்டால் மட்டும் ஊர் வந்துவிடும். "இன்னா முழிக்கிற? பீக்கர் இன்னா உன் மாமியாரு வூட்டு சீரா, ஒடச்சிட்டு நிக்கிற?"

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போவாள். கன்னத்தில் போட்டுக்கொண்டே, கற்பூரம் ஏன் சாம்பல் வைக்காமல் எரிகிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுவாள். பூசாரிக்கு அது பிடிக்காது. அம்மனுக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜான் வந்த முதல் வருடம், ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு அதில் ஒரு முட்டையைப் போட்டுக் காட்டினாள். முட்டை மிதந்தது. என்ன உப்பு, என்ன உப்பு என்று ஜான் ஏரியைப் புகழ்ந்து தள்ளினார். கல்லூரி முதல்வர் தனசேகர், ஏதோ தானே உப்பு போட்டு வைத்தது போலத் தலையசைத்தார். திரௌபதிக்குத்தான் ஏதோ இடித்தது. முட்டையை எடுத்துக் கல்லில் தட்டினாள். நாற்றத்தில் முதல்வர் நாலடி தள்ளிப் போனார். "ஏரி மேல பழி போடாதீங்க சார். முட்டைதான் கூமுட்டை," என்றாள். அன்றிலிருந்து ஜானுக்கு அவள் மேல் தனி மரியாதை.

ஜான் வருவது இரண்டு கல்லூரிப் பக்கமும் செய்துகொண்ட ஏற்பாடு. அங்கிருந்து ஓர் ஆசிரியர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் அங்கே போவார். வருவது ஒழுங்காக நடந்தது. வந்தவர்களுக்குப் படகு, மடவை மீன் குழம்பு, மொழிபெயர்ப்பு, வயிற்றுப்போக்கு மாத்திரை எல்லாம் திரௌபதி பொறுப்பு. போவதில்தான் சங்கடம். முதலில் முதல்வர் போனார். அடுத்து, முதல் பயணத்தின் தொடர்ச்சி என்று மறுபடியும் முதல்வர் போனார். அதற்கடுத்துத் தாளாளரின் மருமகன். அவர் வணிகவியல். கேட்டால் முதல்வர், "நீங்களும் போயிட்டா வர்றவங்களுக்கு யாரும்மா படகு ஏற்பாடு பண்றது?" என்பார். திரௌபதிக்குப் பாஸ்போர்ட் எடுத்து வருஷக்கணக்காகிறது. பீரோவில் பட்டுப் புடவையோடு பாச்சை உருண்டை வாசத்தில் கிடந்தது.

இந்த வருடம் ஏரியில் போகும்போது ஜான் கேட்டார்: இறால் இப்படித் துள்ளுகிறதே, அந்தப் படகுகள் ஏன் கரையில் சும்மா கிடக்கின்றன?

"இன்னிக்கு அவுங்க பாடு இல்ல," என்றார் வரதன். "வலை கட்டற எடத்துக்கு ஊருல மொற வச்சிக்கீறோம். அதான் பாடு. நேத்து கட்டுனவன் இன்னிக்கு குந்திக்கணும்."

நேற்று நிறையப் பிடித்த கெட்டிக்காரன் இன்றைக்கும் போனால்? ஜான் விடவில்லை.

"அதெப்படி? ஊரு கூடி வலைய புடுங்கிடும். கெட்டிக்காரத்தனத்த அவன் வூட்டுல வச்சிக்கட்டும். இவுரு தாத்தாமாருங்க பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில அத்தன பேரு படுத்துக்கினு கீறாங்களே, ஒருத்தர கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க!"

ஜான் சிரித்தார். பிறகு திரௌபதியைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார்; நடுவில் 'பாடு' என்று ஒரு சொல் வந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னா கேக்குறாரு?"

"ஒண்ணுமில்ல நைனா. வெயிலு ஜாஸ்தியாக்கீதாம்."

வரதன் துடுப்பை ஊன்றினார். ஜான் முகம் வெயிலைப் பற்றிக் கேட்ட முகமாக இல்லை.

ஜான் ஊருக்குக் கிளம்பும் முன் கல்லூரியில் நடந்த நிறைவு விழாவில் வரதனுக்கும் ஒரு சால்வை போட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜான் ஒலிபெருக்கியைப் பிடித்து, படகில் கற்றதை ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார்: "அடுத்து, திரௌபதி பாடு."

முதல்வர் பாய்ந்து வந்தார். "நம் விருந்தினர் திரௌபதி மேடத்தைப் பாடச் சொல்கிறார்! எல்லாரும் கைதட்டுங்கள்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஜான் "நோ, நோ" என்று கையை ஆட்டினார். அதைத் தாளம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். திரௌபதி ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

வரதன் சால்வையோடு எழுந்தார். "சார்! பாட்டு இல்ல சார், பாடு! மொற! ரெண்டு தபா நீங்க வலை போட்டுட்டீங்க. ஒரு தபா மருமவப்புள்ள போட்டாரு. இது எம் பொண்ணு பாடு. அதத்தான் அவுரு சொல்றாரு."

பயிற்சி மாணவர்களில் பாதிப் பேர் ஏரியோரத்துப் பிள்ளைகள். முதலில் அவர்கள்தான் தட்டினார்கள். ஜான் வரதனைக் காட்டி, "பாடு! பாடு!" என்று குதித்தார். முதல்வர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அதைத்தான் நானும் அறிவிக்க இருந்தேன்," என்றார்.

"வந்ததுக்கு பாடிட்டே போறேன்," என்று திரௌபதி அம்மன் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள். சுருதி பழவேற்காட்டில் இருந்தது, பாட்டு எங்கோ காட்டுப்பள்ளியில் இருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அவள் ஒல்லாந்துக்குக் கிளம்பிய வாரத்திலேயே அங்கிருந்து வேறு இருவர் இங்கே வருவதாக இருந்தது. படகு முதல் மாத்திரை வரை இந்த முறை முதல்வர் பொறுப்பு. அனுப்பம்பட்டு நிலையத்தில் வரதன் பெட்டியை ஏற்றிவிட்டு, மகள் நெற்றியில் கோயில் குங்குமம் வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரயில் நகர்ந்தது. திரௌபதி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினாள்.

"நைனா! பிரின்சிபாலு வந்தா அதே சேத்துல எறக்கு. ஊரு வழக்கம்னு சொல்லு!"